நம்பர் அக்கரையில் இருக்கிறது

ஆதார் கார்டைக் கொடுத்துவிட்டேன், இனி ஒரு மூலையில் உட்காரச் சொல்லுவார் என்று நிற்கிறேன், அவர் சொல்லவில்லை, கார்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், மறுபடி கார்டில் இருக்கிற என்னைப் பார்க்கிறார், அதில் இருக்கிறவளுக்குக் கன்னம் இருக்கிறது, எனக்குப் பிள்ளை பெற்ற பிறகு எல்லாம் எலும்பாகிப் போச்சு, அது நான்தான் என்று சொல்லலாமா, கேட்காமல் சொன்னால் சந்தேகம் வந்துவிடுமோ. எல்லாரும் இவரை அன்சாரி பாய் என்று கூப்பிடுகிறார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் இருக்கிற இந்த பிரவுசிங் சென்டருக்குள் நான் கால் வைத்ததே இல்லை, வெளியிலிருந்து பார்த்தால் ஜெராக்ஸ் கடை மாதிரிதான் இருந்தது, உள்ளே பலகை வைத்து அடைத்து அடைத்துக் கம்ப்யூட்டர், மாதா கோயிலில் சாமியாரிடம் பாவம் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத் தொட்டி இருக்கிற மாதிரி, ஆனால் திரை கிடையாது, ஒருத்தர் பேசினால் எல்லாருக்கும் கேட்கும். "சிஸ்டம் எதுக்கும்மா?" என்று கேட்டார். பேசணும் என்றேன். "யாருகூட?" பிள்ளையோட அப்பாகூட. வக்கீல் ஆபீஸ் அக்கா எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டினேன், அவர் படித்துவிட்டு "ஜெயில் மீட்டிங்கா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டார், பிரிண்டுக்கு நின்ற காலேஜ் பொண்ணு திரும்பிப் பார்த்தது, எனக்குக் காது சுட்டது. அவுக திருடிவிட்டா போனாக, மீன் பிடிக்கப் போனாக, எல்லைக்கோட்டைத் தாண்டிட்டாக என்று அக்கரை நேவிக்காரர்கள் போட்டோடு சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிறார்கள், எங்கள் கரையில் எத்தனையோ வீட்டில் நடக்கிறதுதான், ஆனாலும் அந்த வார்த்தையை வேற்று ஆள் வாயால் கேட்கும்போது முந்தானையை எங்கே இழுத்துவிடுவது என்று தெரியவில்லை. "பதினொரு மணிக்குத்தானே, நேரம் இருக்கு. கார்டுல சேர்த்திருக்க உன் நம்பருக்கு ஒரு ஓடிபி வரும், அதைச் சொல்லு, திறந்து தர்றேன்" என்று தட்டினார். "போயிருச்சு பாரு." நான் தலையாட்டினேன். இடுப்பில் இருந்த பிள்ளை அபிஷ் என் தாலிக்கொடியைப் பிடித்து வாயில் வைத்தான், நான் காத்திருந்தேன், அவரும் காத்திருந்தார். "சொல்லும்மா." அவுக சொல்லுவாக என்றேன். "எவுக?" நம்பர் அவுகளோடதுதான், பேசுறப்ப பார்த்துச் சொல்லுவாக. சொல்லி முடிக்கிறதுக்குள்ளேயே எனக்கே புரிந்துவிட்டது, அவுக சொன்னால்தான் பேசமுடியும், பேசினால்தான் அவுக சொல்லமுடியும், ஆனால் வெளியே விட்ட பேச்சைத் திரும்ப உள்ளே இழுக்க முடியுமா. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பென்ஷன்காரர் ஒருத்தர் சிரித்தார். "சாவிய உள்ள வச்சுப் பூட்டிட்டு வந்துட்டியே தாயி."

அந்த எண் இப்போது எங்கே போய்க்கொண்டிருக்கும். இந்தத் தகரக் கூரைக்கு மேலே ஏறி, மீன் மார்க்கெட்டுக்கு மேலே போய், ஐஸ் பிளான்ட் தாண்டி, கலங்கரை விளக்கம் தாண்டி, கண்ணால் பார்க்கமுடியாத அந்த எல்லைக்கோட்டையும் ஒருத்தரும் தடுக்காமல் தாண்டி, அக்கரையில் ஏதோ ஒரு போலீஸ் ஸ்டேஷன் பீரோவில், வலையோடும் ஜிபிஎஸ்ஸோடும் சேர்த்துப் பறித்த சாமான் பைக்குள் கிடக்கிற போனைத் தேடிப் போயிருக்கும். அதில் சார்ஜ் இருக்காது. கவரில் மாதா படம் ஒட்டின போன், கீழ் ஓரம் கீறல் விழுந்த போன், கடலுக்குப் போகும்போது கவருக்கு மேலே இன்னொரு பிளாஸ்டிக் கவர் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போவாக. என் நம்பர் என்று பாய் சொல்லுகிறார், எனக்கு ஏது நம்பர், எல்லாத்துக்கும் அவுக நம்பர்தான், ரேஷனுக்கு, கேஸுக்கு, அபிஷ் தடுப்பூசிக்கு, கல்யாணம் முடிந்து கார்டில் விலாசம் மாற்றினபோது அதற்கும். எங்கள் தெருவில் எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் அப்படித்தான், நம்பர் என்னம்மா என்றால் வீட்டுக்காரர் நம்பர்தான் வாயில் வரும், சொந்தப் பேரை விடச் சீக்கிரம் வரும். கடலுக்குப் போகிற ஆளின் நம்பரைச் சொல்லிவிட்டு நாங்கள் கரையில் நிற்கிறோம், ஆள் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் நம்பரும் போச்சு, நம்பர் போனால் நாங்கள் யார் என்று சொல்ல ஒன்றுமில்லை, இதை ஒருத்தியாவது யோசித்திருப்பாளா, நானும் அஞ்சாம் வகுப்போடு நின்றவள், நானா யோசிப்பேன். அம்மாவிடம் ஒரு பட்டன் போன் இருக்கிறது, அதில் படம் வராது. தெருவில் படம் வருகிற போன் வீட்டுக்கு வீடு இருக்கிறது, யாரிடம் கேட்டாலும் தருவார்கள், தந்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார்கள், நான் பேசுகிறது அரை மணி நேரத்தில் சம்மாட்டி வீட்டுக்குப் போய்விடும். போட்டு அவருடையது. அதில் போன ஏழு பேர் வீட்டிலும் அவர் சொன்னதுதான் சொல். இன்றைக்கு அவர் வீட்டு டிவியில் ஏழு பேரையும் காட்டுகிறார்கள், பொம்பளைகள் எல்லாரும் வந்துவிடுங்கள், ஆளுக்குப் பத்து நிமிஷம், அழாமல் பேசுங்கள் என்று சொல்லியாச்சு. நான் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். எங்கேயிருந்து வேண்டுமானாலும் பேசலாம், ஆளுக்குத் தனி லிங்க்தான், உங்க வீட்டுக்காரர் முறை வர்றப்ப உள்ள வந்தாப் போதும் என்று வக்கீல் ஆபீஸ் அக்கா சொன்னது, அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏனென்றால் நேற்றுக் குழாயடியில் ரோசலி சொன்னாள். அவள் புருஷனும் அதே போட்டில் போனவர்தான். குடத்தை நிமிர்த்திக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள், "ஏட்டி ஜெசிந்தா, உன் வீட்டுக்காரருதான் போட்ட ஓட்டுனதா எழுதிக் குடுக்கப் போறாராமே." யார் சொன்னது என்று கேட்டேன். "எல்லாருக்கும்தான் தெரியும், உனக்குத் தெரியாதாக்கும்? ஓட்டுனவன ஜெயில்ல போடுவாக, மத்தவுகள விட்டுருவாக. ஓட்டுனது பெனடிட் அண்ணன். அவருக்கு இது ரெண்டாவது தடவை, மாட்டுனா வருசக்கணக்கா உள்ளதான். உன் ஆளுக்கு இது மொதத் தடவை, அதான் சம்மாட்டி சொல்லி அனுப்பிருக்காரு. பெனடிட் அண்ணன் அவரு மச்சினன்ல, மாட்ட விடுவாரா?" குடம் நிறைந்து வழிந்து என் காலை நனைத்தது, நான் குழாயை நிறுத்தவில்லை. மற்றவர்களை விட்டுவிடுவார்கள் என்று சொன்னபோது ரோசலியின் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது, அவளைக் குற்றம் சொல்லமுடியாது, அவள் புருஷன் வருவார், அந்தச் சந்தோஷத்துக்கு நடுவிலேயும் எனக்குச் சொன்னாளே, அதுவே பெரிசு. இன்று மதியம் அக்கரைக் கோர்ட்டு. அங்கே எழுதிக் கொடுத்துவிட்டால் முடிந்தது, பிறகு மாற்றமுடியாது, ஒரு தடவை எழுத்தில் ஏறிவிட்டால் அடுத்த தடவை பிடித்தால் அவுகதான் ரெண்டாவது தடவைக்காரர், பிறகு எந்தக் கடலுக்குப் போவாக. அதற்குள் ஒரே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். எழுதிக் குடுக்காதீங்க. இதைச் சொல்ல வந்தேன். பஸ்ஸில் வரும்போது வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன், அபிஷ் தலைமயிருக்குள் வாயை வைத்துச் சொல்லிப் பார்த்தேன், அவனுக்குக் கூசிற்று போல, சிரித்தான்.

"நீ நல்ல பிள்ளைதாம்மா, பார்த்தா தெரியாதா" என்று பாய் சொல்லுகிறார், கார்டைத் திருப்பிக் கொடுக்கிறார், வாங்கிக்கொண்டால் வெளியே போகச் சொன்னதாக ஆகிவிடும், அதனால் நான் கையை நீட்டவில்லை, கார்டு மேசையில் கிடக்கிறது. "போன மாசம் அடுத்த தெருக் கடையில எவனோ வந்து உக்காந்து ஒரு மிரட்டல் மெயில் அனுப்பிட்டுப் போயிட்டான். கடைக்காரன ஸ்டேஷன்லயே உக்கார வச்சுட்டாங்க. அதுலேர்ந்து இப்படித்தான், ஆள் நம்பருக்கு ஓடிபி வந்தாத்தான் சிஸ்டமே திறக்கும், நான் நெனச்சாலும் முடியாது." உங்க நம்பர் என்று ஆரம்பித்தேன், மீதி வரவில்லை, அவருக்குப் புரிந்துவிட்டது. "கடைக்காரன் நம்பர சிஸ்டம் எடுக்காதும்மா. அத மொதல்லயே பூட்டி வச்சிருக்காங்க." பென்ஷன்காரர் சொல்லுகிறார், "நான் உயிரோட இருக்கேன்னு காட்ட நாலாவது தடவையா வர்றேன் தாயி. என் நம்பர் மகன்கிட்ட, மகன் துபாயில. அவன் தூங்கி எந்திரிச்சாத்தான் நான் உயிரோட இருக்கேனா இல்லையான்னு இவருக்குத் தெரியும்." பாய் சிரிக்கிறார், நானும் சிரிக்கவேண்டும் போல இருந்தது, உதடு ஒத்துழைக்கவில்லை. காலேஜ் பொண்ணு கையில் போன் இருக்கிறது. தங்கச்சி, ஒரு உதவி என்று கேட்டுப் பார்க்கலாம். கேட்கத்தானே வேண்டும், என்ன செய்துவிடும். நான் அந்தப் பொண்ணைப் பார்த்தேன், என் பார்வையைப் பார்த்ததும் அது போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தது, ஜெயில் என்று கேட்டிருக்கிறது அல்லவா, யாருடைய பொண்டாட்டியோ என்னமோ என்று நினைத்திருக்கும், நானாக இருந்தாலும் அப்படித்தான் இழுத்திருப்பேன். சுவரில் கடிகாரம். பதினொன்றுக்கு இன்னும் கொஞ்சம்தான். சத்தம் போட்டு அழுதால் யாராவது தருவார்களோ, சில பொம்பளைகள் அப்படி அழுதே காரியம் சாதிப்பார்கள், எனக்கு அழுகைகூட உள்பக்கமாகத்தான் வரும். 

அவுகளும் அப்படித்தான். எங்களைச் சேர்த்து வைத்தவர்கள் என்ன நினைத்துச் சேர்த்தார்களோ, ரெண்டு வாயில்லாத ஆள்களை ஒரே வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பெண் பார்க்க வந்த அன்று ஏதாவது பேசுங்கடா என்று எல்லாரும் வெளியே போய்விட்டார்கள், நான் தரையைப் பார்த்தேன், அவுக சுவரில் தொங்கின காலண்டரைப் பார்த்தாக, கடைசியில் "அந்தத் தேதி கிழிக்கல" என்றாக, நான் எழுந்துபோய்க் கிழித்தேன், அவ்வளவுதான் பேச்சு. முடிவெட்டப் போனால் கடைக்காரர் ஒட்ட வழித்துவிடுவார், அழகா இருக்காண்ணே என்று கேட்டால் சூப்பர்ண்ணே என்று சொல்லிவிட்டு வந்து, வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று தலையைத் தடவித் தடவிப் பார்ப்பாக, நான் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். ஐஸ் ஏற்ற இன்னைக்கு உன் முறைதானடா ரெமிசு என்று தினமும் யாராவது சொல்லுவார்கள், தினமும் ஒருத்தர் முறையாக எப்படி இருக்கும் என்று எனக்கே தெரிகிறது, அவுக ஏற்றிவிட்டு வருவாக, தோளில் தண்ணீர் ஊறித் தோல் வெளுத்திருக்கும். சொல்லக்கூடாதா என்று கேட்டேன் ஒரு தடவை. "சொன்னா மூஞ்சி ஒரு மாதிரி ஆகுது அவுகளுக்கு" என்றாக. அந்த மூஞ்சியைப் பார்க்கமுடியாமல்தான் இவ்வளவும். இப்போது சம்மாட்டி மூஞ்சி, பெனடிட் அண்ணன் மூஞ்சி. அடிக்கவேண்டாம், மிரட்டவேண்டாம், நீதானடா சொல்லணும் என்று சாதாரணமாகச் சொன்னாலே போதும், ஐஸ் கட்டி மாதிரி இதையும் தோளில் தூக்கி வைத்துக்கொள்வாக. ஆண்டவரே, எனக்கு வாய் கொடுத்திருக்கலாம், இல்லாவிட்டால் அவுகளுக்குக் கொடுத்திருக்கலாம், ரெண்டு பேரில் ஒருத்தருக்காவது.

"என்ன ஜெசிந்தா, இங்க நிக்கிற?" அபிஷை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். தொம்மை அண்ணன். சம்மாட்டியின் கணக்கர். கக்கத்தில் ஃபைல், போட்டுப் பேப்பரையெல்லாம் ஸ்கேன் எடுத்து வக்கீலுக்கு அனுப்ப வந்திருக்கிறார் போல, எத்தனையோ கடை இருக்க இந்தக் கடைக்கா வரவேண்டும். "பிள்ளைக்குக் காய்ச்சல்னு சொன்னியாமே. காய்ச்சலுக்கு இங்க ஊசி போடுறாங்களா பாய்?" பாய் விஷயம் தெரியாமல் நல்ல மனசோடு எல்லாத்தையும் சொல்லிவிட்டார், வீட்டுக்காரரிடம் பேச வந்திருக்கு, பாவம், ஓடிபி வரலை என்று. தொம்மை அண்ணன் என்னைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், அவர் மூளை ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது, இவள் ஏன் டிவிக்கு வராமல் தனியாக வந்தாள். கோபப்படுவார் என்று நினைத்தேன், அவர் சிரித்தார், அது இன்னும் பயமாக இருந்தது. "இதுக்கா தங்கச்சி இம்புட்டு நேரம் நிக்கிற? நம்ம பிள்ளை. பாய், என் நம்பரப் போடுங்க, என் கார்டுதான் உங்ககிட்ட இருக்கே." வேண்டாம் என்று சொல்லவேண்டும். சொன்னால் ஏன் என்பார். ஏன் என்றால் என்ன சொல்வேன். வேண்டாம் என்றால் வெளியே போகவேண்டும், வெளியே போனால் பதினொன்று ஆகிவிடும், மதியம் கோர்ட்டு. வேண்டும் என்றால் அவர் பக்கத்தில் இருப்பார். பக்கத்தில் இருந்தால் நான் பேசமாட்டேன், எனக்கே தெரியும், சாப்பிட்டீங்களா, நல்லாருக்கீங்களா என்று கேட்டுவிட்டு எழுந்துவிடுவேன். ஆனால் முகத்தையாவது பார்க்கலாம். முகத்தைப் பார்த்து என்ன செய்ய. வேண்டாம் என்று சொல், வேண்டும் என்று சொல், ரெண்டில் எதையும் நான் சொல்லவில்லை, நான் யோசித்து முடிக்கிறதுக்குள் அவர் போனில் டிங் என்று கேட்டது. எங்கேயும் அலையாமல், கடலைத் தாண்டாமல், ரெண்டடி தூரத்தில் நின்ற ஆளின் சட்டைப் பைக்கே அது நேராக வந்துவிட்டது. அவர் ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாக வாசித்தார், பாய் தட்டினார், கடைசி அடைப்பில் இருந்த கம்ப்யூட்டர் திறந்துகொண்டது.

"இதுல கேமரா வேலை செய்யாதும்மா, உனக்கு அவர் தெரிவாரு, அவருக்கு உன் குரல் மட்டும் கேக்கும், மைக் இந்தா இருக்கு" என்று பாய் உட்காரவைத்துவிட்டுப் போனார். தொம்மை அண்ணன் ஒரு ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார், அவர் சட்டையில் பீடி வாசமும் பேப்பர் வாசமும். எதிரே ரெண்டு கட்டம். ஒன்று சாம்பல் நிறத்தில் சுழன்றுகொண்டிருந்தது. இன்னொன்று கறுப்பு, அதன் அடியில் இங்கிலீஷில் ஒரு பேர், எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தேன், தொம்மை. அதுதான் நான். அந்தக் கறுப்புக் கட்டம்தான் நான். அபிஷ் மடியில் நெளிகிறான், பிறகு சுழன்ற கட்டம் திறந்தது, ஒரு அறை, பச்சை பெயின்ட், பின்னால் பெஞ்சில் ஆள்கள், முன்னால் தாடியோடு ஒரு ஆள். தாடிக்குள்ளே அவுக. இளைத்துப்போய். சட்டை வேறு யாருடையதோ, தோளில் நிற்கவில்லை. அவுக கண் அந்தப் பக்கம் எதையோ படித்தது, இந்தப் பேரைத்தான் படித்திருக்கும், உடனே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாக. "அண்ணே, வணக்கம்ணே. நல்லாருக்கீங்களாண்ணே? சம்மாட்டிகிட்ட சொல்லிருங்கண்ணே, அவுக சொன்ன மாதிரியே எழுதிக் குடுத்துர்றேன். கோர்ட்டுல கேட்டாலும் நாந்தான் ஓட்டுனேன்னு சொல்லிர்றேன். வீட்டுல மட்டும் இப்பச் சொல்லிராதீங்கண்ணே. அது பயந்துக்கும்." அது என்று சொன்னது என்னை. நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், என் காதுக்குள்ளேதான் விழுகிறது, எனக்குத் தெரியக்கூடாது என்று என்னிடமே சொல்லுகிறாக. நான் வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. தொம்மை அண்ணன் என் தோளுக்கு மேலே குனிந்து மைக்கில் சொன்னார், "சரிடா ரெமிசு. சம்மாட்டி கைவிடமாட்டாரு. தைரியமா இரு." அவ்வளவு இயல்பாகச் சொன்னார், நான் அங்கே இல்லாத மாதிரி, அவர் பேர், அவர் நம்பர், அவர் பேச்சு, நான் நடுவில் ஒரு நாற்காலி. "சரிண்ணே" என்றாக. பின்னால் பெஞ்சில் பெனடிட் அண்ணன் இருந்தார், கையைக் கட்டிக்கொண்டு, கேட்டுக்கொண்டு. "அப்ப வைக்கவா?" என்று தொம்மை அண்ணன் கை மவுஸுக்குப் போனது.

நான் என் கையை அதன் மேல் வைத்துவிட்டேன். அந்நிய ஆம்பளையின் கை மேல் என் கை, இது நான் செய்ததா, அவர் சுட்ட மாதிரிக் கையை இழுத்துக்கொண்டார். நான்தான் என்றேன். அவுகளுக்குக் கேட்கவில்லை. "அண்ணே, யாரோ பொம்பள சத்தம் வருது" என்றாக. நான்தான் என்று இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். "யாரு?" இந்தக் கேள்வியைக் காலையிலிருந்து எத்தனை பேர் கேட்டுவிட்டார்கள், இப்போது அவுகளும். எனக்கு உள்ளே ஏதோ அறுந்துகொண்டு போனது, மைக்கை இழுத்து வாயோடு சேர்த்துப் பிடித்து, கடை முழுக்கக் கேட்கும்படி, ரோட்டுக்கும் கேட்கும்படி கத்தினேன், "நான்தாங்க, ஜெசிந்தா, இதுல போட்டிருக்க பேரப் பாக்காதீங்க, நான்தான் பேசுறேன், நீங்க சொன்னதெல்லாம் நான்தான் கேட்டேன். எழுதிக் குடுக்காதீங்க. நீங்க ஓட்டல." அபிஷ் பயந்து அழ ஆரம்பித்தான், அவன் அழுகை கேட்டதும் அவுக முகம் மாறியது, கட்டத்துக்குள் இன்னும் கிட்டே வந்தாக. தொம்மை அண்ணன் எழுந்துவிட்டார். "ஏய், என்ன பேசுற நீ? பாய், கட் பண்ணுங்க. என் நம்பர்ல போற பேச்சு இது, நாளைக்கு என்னைத்தான் வந்து கேப்பாங்க. கட் பண்ணுங்கங்கறேன்ல." பாய் அங்கேயிருந்தே சொன்னார், "அவர் நம்பர்ல எடுத்த சிஸ்டம், அவர் சொன்னா நிறுத்தித்தாம்மா ஆகணும்." சொல்லிவிட்டு எழுந்தார், கைலியை அவிழ்த்துக் கட்டினார், "கண்ணாடி எங்க வச்சேன்" என்று மேசையைத் தடவினார், கண்ணாடி அவர் நெற்றியில்தான் இருந்தது. பென்ஷன்காரர் ஸ்டூலோடு நகர்ந்து வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார், "பாத்துப் போங்க பாய், வயரு கெடக்கு."

அவுக பின்னால் திரும்பி பெனடிட் அண்ணனைப் பார்த்தாக, திரும்ப இந்தப் பக்கம், அவுகளுக்கு நான் தெரியமாட்டேன், கறுப்பைத்தான் பார்க்கிறாக. குரலை இறக்கி, கேட்கக் கூசிக் கூசி, "எப்படிச் சொல்றது?" என்றாக. மாட்டேன் என்றோ சரி என்றோ சொல்லவில்லை. எப்படி என்று கேட்டாக. அவுகளுக்கு அது தெரியாது, யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, எனக்கும்தான் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "நான் ஓட்டலன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேணாம். யாரு ஓட்டுனான்னு கேட்டாலும் அதையே சொல்லுங்க. இப்ப சொல்லுங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க." உதடு அசைந்தது, கேட்கவில்லை. "கேக்கல." தொம்மை அண்ணன் என் நாற்காலிக்குப் பின்னால் வயரைத் தேடிக் குனிகிறார். "கேக்கலைங்க, சத்தமா." "நான் ஓட்டல" என்றாக. பெஞ்சில் பெனடிட் அண்ணன் கட்டியிருந்த கை அவிழ்ந்தது. "இன்னொரு தடவை." அவுக கழுத்து நரம்பு தெரிந்தது. "நான் ஓட்டல."

திரை கறுத்துவிட்டது. தொம்மை அண்ணன் கையில் வயர். என்னமோ சொல்லுகிறார், சம்மாட்டி, ஊர், நன்றிகெட்டது என்றெல்லாம் வருகிறது, என் காதில் நிற்கவில்லை. தொண்டை எரிகிறது, இவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது என்று தொண்டைக்கே தெரிந்திருக்காது. அபிஷைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு, மேசையில் கிடந்த கார்டை எடுத்துக்கொண்டு வெயிலுக்கு வந்துவிட்டேன். என்னிடம் சொல்லிக் காட்டினாக, ரெண்டு தடவை. மதியம் அந்தக் கோர்ட்டு அறையில் கறுப்பு அங்கியும் தெரியாத பாஷையுமாக எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள், பக்கத்தில் பெனடிட் அண்ணன் அந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நிற்பார், அங்கே மூன்றாவது தடவை சொல்லவேண்டும், கேக்கல சத்தமா என்று சொல்ல அங்கே ஆள் இருக்காது. ஊருக்குப் போகிற பஸ் வந்து நின்றது, நான் ஏறவில்லை, கடல் இருக்கிற பக்கமாகத் திரும்பி நின்று சத்தமா, சத்தமா என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.